முன்னே போங்க, பின்னால வர்றேன்



போன சைக்கிள் பயணம் முடிஞ்ச பிறகு நம்ம புலனக் குழுவில் ரெண்டு நாள் ஓடின விவாதத்தை நிறைய பேர் படிச்சிருப்பீங்க. "இது பயணமா, போட்டியா?"ன்னு ஒரு தரப்பு கேட்டுச்சு. "பின்னால வர்றவங்களுக்காக எத்தனை தடவைதான் வெயில்ல நிக்கிறது?"ன்னு இன்னொரு தரப்பு. கடைசியில் ஒருத்தர், "சமய இயக்கம்னா எல்லாரும் ஒரே வேகத்துல ஒண்ணாத்தான் போகணும், அதுதான் சமத்துவம்"னு எழுதினார். அதோட குழு அமைதியாயிடுச்சு. எனக்கு அந்த வரி தொண்டையில் சிக்கின மாதிரி இருந்தது. நம்ம சமயம் அப்படிச் சொல்லவே இல்ல. அது என்ன சொல்லுதுன்னு பேசத்தான் இந்த மாதக் கட்டுரையை எடுத்துக்கிட்டேன்.

முதல்ல, நம்ம கூட யார் யார் வர்றாங்கன்னு கொஞ்சம் பாருங்க. ஒரு அண்ணனுக்கு 200 கிலோமீட்டரை 8 மணி நேரத்துல முடிக்கணும். அதுக்காகக் காலையில 5 மணிக்கு எழுந்து பயிற்சி செய்றார், ரொட்டி சானாயைக்கூட விட்டுட்டார். ஓர் அங்கிளுக்கு 58 வயசு, இனிப்பு நீர் இருக்கு. டாக்டர் அனுமதியோட வர்றார். அவருக்கு முடிச்சாப் போதும், பத்திரமா வீடு போய்ச் சேரணும். வழியில எந்தத் தோட்டத்துல அவர் அப்பா பால்மரம் வெட்டினாரோ அந்த இடத்துல நின்னு ரெண்டு நிமிஷம் பார்ப்பார். அங்க இப்போ செம்பனைதான் நிக்குது. ஆனாலும் நின்னு பார்ப்பார். இன்னொரு தங்கச்சிக்கு வேகமும் வேணாம், தூரமும் வேணாம். சாலையோரத்துச் சின்னச் சின்ன முனீஸ்வரர் கோயில்களைப் பார்த்துக் குறிச்சு வைக்கணும். மூணு பேரும் ரவாங் தாண்டி, பத்தாங் காலி தாண்டி, அதே பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையில்தான் போறாங்க. சாலை ஒண்ணு, போற காரியம் மூணு. இதுல யாரோட வேகத்தை "ஒரே வேகம்"னு வைக்கப் போறோம்?

இயந்திரவியல் படிக்கிறவன் எழுதினா கணக்கு வராம இருக்காது, பொறுத்துக்குங்க. சமதரையில சைக்கிள் ஓட்டறவனுக்குப் பெரிய எதிரி காற்று. காற்றைத் தள்ளறதுக்கு வேண்டிய சக்தி, வேகத்தோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். 25 கிலோமீட்டர் வேகத்துல போறவர் 30க்குப் போனா, வேகம் கூடினது 20 விழுக்காடுதான். காற்றுக்குக் கொடுக்கற சக்தி 70 விழுக்காட்டுக்கு மேல கூடிடும். "கொஞ்சம் மிதிச்சு வாங்க அங்கிள்"னு நாம சாதாரணமாச் சொல்ற அந்தக் "கொஞ்சம்" அவருக்கு எவ்வளவுன்னு இப்போ தெரியுதா?

சமதரையிலாவது முன்னால போறவர் முதுகுக்குப் பின்னால ஒட்டிப் போனா காற்று குறையும், பலசாலி மத்தவங்களை இழுத்துக்கிட்டுப் போகலாம். மலையில அதுவும் நடக்காது. கோலக்குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அணைக்கட்டைத் தாண்டினா கேப் வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு ஏத்தம்தான். மணிக்கு 10, 12 கிலோமீட்டர் வேகத்துல ஏறும்போது காற்று பெரிய விஷயமே இல்ல. அவங்கவங்க உடம்பு எடையை அவங்கவங்க கால்தான் தூக்கணும். அதனால எந்தக் குழுவும் மலையில பிரிஞ்சுதான் போகும். அதுக்குத் திமிர்னு பேர் வைக்கறதும் தப்பு, சோம்பல்னு பேர் வைக்கறதும் தப்பு.

இன்னொண்ணையும் யாரும் யோசிக்கறதில்ல. காலை 6 மணிக்குப் புறப்பட்டு 200 கிலோமீட்டரை 8 மணி நேரத்துல முடிக்கிறவர் மத்தியானம் 2 மணிக்கு மாமாக் கடையில உட்கார்ந்து தே ஓ ஐஸ் குடிப்பார். 13 மணி நேரம் எடுக்கறவர் அப்பவும் 33, 34 பாகை வெயில்ல மிதிச்சுக்கிட்டு இருப்பார். சாயங்கால மழை அவருக்குத்தான். இருட்டும் அவருக்குத்தான். லோரி உரசிப் போற பயமும் அவருக்குத்தான். உடம்பை வருத்தறதைத் தவம்னு நாம எடுத்துக்கிட்டா, கடைசியா வர்றவர் செஞ்ச தவம் 5 மணி நேரம் கூட.

இந்தச் சண்டை நமக்குத்தான் புதுசு. நெடுந்தூரச் சைக்கிள் உலகத்துல நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வந்துடுச்சு. பிரான்சில் ஆடாக்ஸ்னு ஒரு முறை இருந்தது. இப்பவும் இருக்கு. குழுத் தலைவர் முன்னால போவார், எல்லாரும் ஒரே வேகத்துல சேர்ந்து போகணும், அவரை யாரும் முந்தக் கூடாது. இன்னிக்கு அந்த வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர். 1921இல் பாரிஸ் ஆடாக்ஸ் மன்றம் வேற ஒரு முறையைத் தொடங்குச்சு. அதுக்குப் பேரே "சுதந்திர வேகம்"னு பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்தான். அவங்கவங்க வேகத்துல போகலாம், ஆனா தூரம் எல்லாருக்கும் ஒண்ணு. நம்ம நாட்டுலயும் நடக்கற 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்கள் எல்லாம் அந்த வழிதான்.

அதோட விதிகளைப் படிச்சப்போ எனக்கு நம்ம சித்தாந்த வகுப்புதான் ஞாபகம் வந்தது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம் அவகாசம். அதுக்குள்ள 8 மணி நேரத்துல வந்தாலும், 13 மணி நேரத்துல வந்தாலும் ஒரே மதிப்புதான். முதல் இடம், ரெண்டாம் இடம் கிடையாது. ஆனா தாமதமா வந்தா கதவு மூடிடும். ரொம்பச் சீக்கிரம் வந்தாலும் கதவு திறந்திருக்காது! 200 கிலோமீட்டர் முடிவிடம் புறப்பட்ட 5 மணி 53 நிமிஷத்துக்கு அப்புறம்தான் திறக்கும். அந்த முறையில நடக்கற பெரிய பயணம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பறது, 1200 கிலோமீட்டர், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. அதுக்குப் பேர் கொடுக்கும்போதே 80 மணி நேரமா, 84ஆ, 90ஆன்னு நீங்களே சொல்லிடணும். அந்தந்தப் பிரிவுக்குத் தனித்தனிப் புறப்பாடு. "என் குறிக்கோள் இது"ன்னு வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் சைக்கிள்ல ஏறணும்.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். சைவ சித்தாந்தத்தில் சத்திநிபாதம் என்று ஒரு கருத்து உண்டு. இறைவனின் அருட்சத்தி ஆன்மாவில் பதிவது. ஆன்மாவின் பக்குவத்துக்கு ஏற்ப அது நான்கு நிலையாகச் சொல்லப்படும்: மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம். மெதுவிலும் மெது, மெது, விரைவு, அதனினும் விரைவு. (மந்தம்னா இங்க பள்ளிக்கூடத்துல வாத்தியார் திட்டற வார்த்தை இல்ல.) கவனிங்க, நாலுமே அருள் பதியும் நிலைகள்தான். மெதுவா வர்றவனுக்கு அருள் இல்லன்னு நூல் சொல்லலை. அவனுக்கும் பதியுது, அவனால தாங்கக்கூடிய அளவுல பதியுது.

அதே மாதிரிதான் சரியை, கிரியை, யோகம், ஞானம். அடிமை, பிள்ளை, தோழன், மாணாக்கன் என்ற நாலு உறவு. அப்பர் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். சம்பந்தர் பிள்ளையாகக் கேட்டார். சுந்தரர் தோழனாக உரிமையோடு சண்டையே போட்டார். மாணிக்கவாசகர் குருவின் காலடியில் உருகினார். நூல் இவற்றைப் படிப்படியாத்தான் வெச்சிருக்கு, அதை மறைக்க வேணாம். ஆனா சரியைக்கு எடுத்துக்காட்டு யாரு? திருநாவுக்கரசர். முதல் படியில நிக்கறவர்னு அவரை யாராவது குறைச்சுப் பேசிட முடியுமா? அவர் தன் வழியில கடைசி வரைக்கும் போனார், அவ்வளவுதான். கீதையில் கண்ணன் மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் திரும்பத் திரும்ப அருச்சுனனுக்குச் சொல்ற சுதர்மமும் இதைத்தான் தொடுது. அடுத்தவனோட தர்மத்தை நீ எவ்வளவு அழகாச் செஞ்சாலும் அது உன்னோடது ஆகாது.

இந்த இடத்துல மாம்பழக் கதை வரும்னு எதிர்பார்த்திருப்பீங்க. வேணாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் முருகன் ஏதோ வீணா உலகம் சுத்தின மாதிரி சொல்லிடறோம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மயில்ல ஏறி உலகம் முழுக்கப் பார்த்துட்டு வந்தது குறைவா என்ன?

நான் சொல்ல நினைக்கிறது ஒளவையார் கதை, செவிவழியா வர்றது. சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானையில் கயிலைக்குப் புறப்படுகிறார். சேரமான் பெருமாள் தன் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதி, அதில் ஏறிப் பறக்கிறார். சேதி தெரிஞ்ச ஒளவைப் பாட்டி விநாயகர் பூசையில் உட்கார்ந்திருக்கார். அவங்களோட போய்ச் சேரணுமேன்னு பூசையை அவசர அவசரமாச் செய்றார். பிள்ளையார் தடுக்கிறார்: பதற்றம் வேண்டாம், உன் வழக்கம் போல நிதானமாவே செய். பாட்டியும் பொறுமையா அகவல் பாடிப் பூசையை முடிக்கிறார். முடிச்சதும் பிள்ளையார் தும்பிக்கையால தூக்கிக் கயிலையில வெச்சுடறார், யானைக்கும் குதிரைக்கும் முன்னாலேயே.

இதை "மெதுவாப் போனா ஜெயிக்கலாம்"னு நம்ம ஆளுங்க சொல்லிடுவாங்க, ஆமை முயல் கதை மாதிரி. அப்படி இல்ல. பாட்டி போட்டியில இருந்தா பூசை கெட்டிருக்கும். அடுத்தவர் யானையைப் பார்த்துத் தன் கையிலிருந்த பூவை அவசரமாப் போட்டாரே, அந்த ஒரு நொடியைத்தான் பிள்ளையார் திருத்தினார். யானையில போன சுந்தரரையோ குதிரையில போன சேரமானையோ யாரும் குறை சொல்லலை. மூணு பேரும் கயிலை சேர்ந்தாங்க.

நம்ம யானை இப்போ கைப்பேசிக்குள்ள இருக்கு. ஸ்ட்ராவாவைத் திறந்தா யாரோ ஒருத்தர் காலையிலேயே 120 கிலோமீட்டர் முடிச்சு, சராசரி 32னு போட்டிருப்பார். அதுவரைக்கும் "குளுவாங்ல இருக்கற பாட்டி வீடு வரைக்கும் ஒரு நாள் சைக்கிள்லயே போகணும்"னு சந்தோஷமா இருந்த ஒரு தம்பி, அன்னிக்கே தன் சராசரியைப் பார்த்து வெட்கப்பட ஆரம்பிக்கிறான். பாட்டி வீட்டு ஆசை போயிடுச்சு, 32 வந்து உட்கார்ந்துடுச்சு. அது அவன் ஆசை இல்ல, கடன் வாங்கினது. கடன் வாங்கின ஆசைக்காக முட்டி வலியோட மிதிக்கிற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கேன். பத்துமலையிலயும் இதுதான். 272 படிக்கட்டு எல்லாருக்கும் 272தான். பால்குடம் எடுக்கறவர் நேர்த்தி அவரோடது, காவடி எடுக்கறவர் நேர்த்தி இவரோடது. பக்கத்துக் காவடியோட உயரத்தைப் பார்த்து நம்ம காவடியை உயர்த்திக் கட்டினா, அந்த நேர்த்திக்கடன் யாருக்குச் செலுத்தினது?

சரி, அப்போ "அவங்கவங்க வேகம், அவங்கவங்க வழி"ன்னு முடிச்சுடலாமா? அப்படி முடிக்கத்தான் வேகமாப் போற நண்பர்களுக்கு ஆசை. முடியாது. ரெண்டு காரணம்.

முதலாவது சின்னது. 13 மணி 30 நிமிஷம்னு ஒரு கதவு இருக்கு, மறந்துடாதீங்க. சொந்த வேகம்ங்கறது சோம்பலுக்கு அனுமதிச் சீட்டு இல்ல. மாமாக் கடைக்கு மாமாக் கடை முக்கால் மணி நேரம் உட்கார்ந்துட்டு "இதுதான் என் பக்குவம்"னு சொன்னா, சித்தாந்தம் படிச்ச யாரும் ஒத்துக்க மாட்டாங்க. முதல் படி சரியையே உடம்பு வளைஞ்சு செய்யற வேலை.

ரெண்டாவதுதான் என்னைத் தூங்க விடலை. போன பயணத்துல ஒரு தங்கச்சி, முதலாமாண்டு மாணவி, செம்பனைத் தோட்டம் மட்டுமே இருக்கற ஒரு நீட்டுச் சாலையில டியூப் காத்து போய் நின்னுடுச்சு. கைப்பேசியில சார்ஜ் இல்ல. முன்னால போனவங்க, பின்னால வர்றவங்க பார்த்துப்பாங்கன்னு நினைச்சிருக்காங்க. பின்னால வந்தவங்க வேற வழியா ஒரு கோயிலுக்குத் திரும்பிட்டாங்க, அது முன்னால போயிருக்கும்னு நினைச்சுக்கிட்டு. முக்கால் மணி நேரம் தனியா. கடைசியில மோட்டார் சைக்கிள்ல வந்த ஒரு தோட்டத்துப் பெரியவர் நிறுத்தி, பக்கத்துப் பட்டணத்துக் கடை வரைக்கும் கொண்டு போய் விட்டிருக்கார். தேர்வு இருந்ததால அந்தப் பயணத்துக்கு நான் போகலை. குழுவில் "எல்லாரும் பத்திரமா வந்தாச்சு, நன்றி"ன்னு படத்தோட ஒரு செய்தி வந்தது, அதுதான் எனக்குத் தெரியும். அந்தப் படத்துல தங்கச்சி இல்ல. அதைக்கூட யாரும் கவனிக்கலை.

அதுக்கப்புறம் மூணு ஞாயிறு தேவார வகுப்புக்கு அது வரலை. நான் போய்க் கேட்டேன். "டயர் போனதுக்காக இல்லண்ணே. யாரும் என்னை எண்ணிப் பார்க்கலை, அதான்"னு சொல்லுச்சு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஒரே வேகத்துல போகணும்னு அது கேட்கவே இல்ல. கணக்குல தான் இருக்கணும்னு மட்டும்தான் கேட்டுச்சு.

பெரிய புராணத்தில் ஒரு காட்சி இருக்கு. சம்பந்தர் சிறு பிள்ளை. இறைவனே அருளிய முத்துச் சிவிகையில் போகிறவர். அப்பர் முதியவர், நடந்துதான் போவார். ரெண்டு பேரும் ஒரே தலத்துக்குப் புறப்படுறாங்க. அப்பர் நடக்கும்போது தான் சிவிகையில் ஏற சம்பந்தருக்கு மனசு வரலை. கூடவே நடக்கப் பார்க்கிறார். அப்பர் விடலை: இது இறைவன் உமக்குக் கொடுத்தது, நீர் இதில்தான் எழுந்தருள வேண்டும். அப்போ சம்பந்தர் ஒரு ஏற்பாடு சொல்றார். நீங்க முன்னே போங்க, நான் பின்னால வர்றேன். அப்படியே செய்றாங்க.

எனக்கு இந்தக் காட்சியில் பிடிச்சதே அதோட நடைமுறைதான். அப்பரை யாரும் சிவிகையில ஏத்தலை. சம்பந்தரையும் யாரும் இறக்கலை. புறப்படறதுக்கு முன்னால, நின்னு, முகம் பார்த்துப் பேசிக்கிட்டாங்க. நடக்கறவர் முன்னால, வாகனத்துல வர்றவர் பின்னால. அப்படிப் போனா வழியில யாரும் தனியா விடுபட முடியாது பாருங்க, வேகமா வர்றவர் மெதுவாப் போறவரைத் தாண்டித்தானே ஆகணும். நாம செய்றது இதுக்கு நேர் எதிர். வேகமானவங்களை முன்னால விட்டுட்டு, மெதுவானவங்களை அவங்க விதிக்கு விட்டுடறோம்.

அதனால அடுத்த பயணத்துக்கு, கோலக்குபு பாருவிலிருந்து கேப் வரைக்கும் போறதுக்கு, செயலவைக்கு நான் ஒரு வேண்டுகோள் வெச்சேன், ஒத்துக்கிட்டாங்க. புறப்பாடு மூணு நேரத்துல. மெதுவாப் போறவங்க 5.30க்கு, அடுத்தவங்க 6.15க்கு, வேகமானவங்க 7 மணிக்கு. நம்ம ஊர்ல 7 மணிக்கு மேலதான் விடியும், அதனால முதல் ரெண்டு குழுவும் முன்விளக்கு, பின்விளக்கு இல்லாம வரக் கூடாது. அவங்க கூட ரெண்டு மூத்த அண்ணன்கள் போவாங்க. வேகமா வர்ற ஒவ்வொருத்தரும் வழியில தாண்டறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் தாண்டணும். அணைக்கட்டுல ஒரு தடவை தலை எண்ணணும், கேப்புல ஒரு தடவை. எண்ணிக்கை சரியா வர்ற வரைக்கும் யாரும் படம் போடக் கூடாது.

பேர்ப் பட்டியல்ல, பேருக்குப் பக்கத்துல ஒரு கட்டம் சேர்த்திருக்கேன்: "நான் எதுக்காக வர்றேன்?" 8 மணி நேர அண்ணன் "ஏத்தத்துல நிக்காம மிதிக்க"ன்னு எழுதியிருக்கார். அங்கிள் ரொம்ப நேரம் யோசிச்சு, "குரங்கு பார்க்க, காத்து வாங்க, முடிஞ்சா உச்சி வரைக்கும்"னு எழுதிக் கையெழுத்தும் போட்டார், கையெழுத்து யாரும் கேட்கலை. அந்தத் தங்கச்சிக்கும் பட்டியலை அனுப்பி வெச்சேன். பேர் மட்டும் எழுதியிருக்கு, பக்கத்துக் கட்டம் இன்னும் காலி. வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் பட்டியல் திறந்திருக்கும்.

திருச்சிற்றம்பலம்.